ஜெனரல் எண்ணிய நொடிகள்

சவரக்கத்தி அவருடைய தொண்டையருகே நின்றுவிட்டது. கழுத்தின் ஒரு பாதியில் இன்னும் நுரை இருந்தது. நிறுத்தியது நான்தான்.

இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கால்சாப் பகுதியில், மகள் வீட்டு மூன்றாம் மாடியில் இருந்தார் அந்த உக்ரேனிய ஜெனரல். பக்கவாதத்தால் வலக்கை விழுந்திருந்தது. அவரைக் குளிப்பாட்டி, மழித்து, உடுத்திவிடுவது என் வேலை. அவர் சுரங்கத் தொழிலாளியின் மகன். பீரங்கிப் பள்ளியில் படித்து, சோவியத் படையில் கப்டனாக ஆப்கானிஸ்தான் போனவர். சோவியத் உடைந்ததும் உக்ரேனுக்குச் சத்தியம் செய்து ஜெனரலாகி ஓய்வு பெற்றவர். உடைந்த இத்தாலியனில் தினமும் இதைச் சொல்லுவார். அன்று கதை ஆப்கான் மலைக் கிராமங்களுக்கு வந்திருந்தது. பதினைந்து கிலோமீற்றர் தள்ளி நின்று அவற்றுக்குப் பீரங்கியால் அடிப்பாராம். ஷெல் போய் விழும்வரை கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணுவாராம். ஒரு நொடியும் பிசகாதாம்.

இலங்கையின் வன்னியில், பதின்மூன்று வயதில், நானும் எண்ணியிருக்கிறேன். தூரத்தில் ஷெல் கிளம்பும் குத்துச் சத்தம் கேட்டதும் பங்கர் குழிக்குள் அக்காவின் கையைப் பிடித்தபடி எண்ணுவேன். ஒருநாள் நான் எண்ணும்போது அவள் தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தாள். திரும்பி வரவில்லை.

“அங்கை ஆர் இருந்தவை எண்டு பாத்தனீங்களோ?” என்று, கத்தியை நிறுத்தி, ஜெனரலைக் கேட்டேன்.

“எங்களுக்கு வரைபடத்து எண்தான் தருவினம். பாக்கிறது எங்கடை வேலை இல்லை.”

நுரையோடு அவரை விட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

மூன்றாம் நாள் மகள் அழைத்தாள். ரஷ்யப் படை அவர்களுடைய ஊருக்கு ஷெல் அடிக்கிறது, அத்தை நிலவறைக்குள் தனியே இருக்கிறாள், நீங்கள் போருக்குள் இருந்தவர் என்று அப்பா உங்களைத்தான் கேட்கிறார் என்று அழுதாள். திட்டித் தீர்க்கும் எண்ணத்தோடுதான் போனேன். அவர் இடக்கையில் போனைப் பிடித்திருந்தார். தங்கை மறுமுனையில்.

“ஷெல் விழேக்கை கீழை எப்பிடி இருக்கோணும்? சொல்லும்” என்று என்னைக் கேட்டார்.

நாற்பது வருடம் பீரங்கியோடு வாழ்ந்தவருக்கு இது தெரியாது! ஆனால் போனில் இருந்தவள் யாருக்கும் ஷெல் அடித்தவளல்ல.

“குப்புறப் படுக்கச் சொல்லுங்கோ. காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைக்கட்டும். சத்தம் அடங்கினாலும் உடனை வெளியாலை போகவேண்டாம்.”

ஒவ்வொரு சொல்லையும் அவர் தன் மொழியில் சொன்னார். நடுவில் போனுக்குள் அந்தக் குத்துச் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கியவருக்கு நான்குக்கு மேல் குரல் எழவில்லை.

தங்கை பிழைத்தாள். அந்தச் செய்தி வந்த நாளில் அவர் என் கையைப் பிடித்து, “என்னை மன்னிச்சுக்கொள்ளும்” என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். பங்குனியில் அவர் இறந்தார். அடக்கத்தில் அவர் வகித்த பதவிகளை வரிசையாக வாசித்தார்கள். மலைக் கிராமங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“கடைசிக் காலத்திலை மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே” என்கிறார் என் கணவர். அவர்மேலும் கோபம்தான் வருகிறது. அந்தக் கிராமங்களிலும் யாரோ ஒருத்தி அக்காவின் கையைப் பிடித்தபடி எண்ணியிருப்பாள். அவள் சொல்லவேண்டிய சொல்லை நான் எப்படிச் சொல்ல முடியும்?