லயன எடுத்துரலாமா?

நான் பகலெல்லாம் பொய்ப்பல் செய்கிறவள். அரசாங்கப் பல் கிளினிக்கில் வேலை. சாயங்காலம் பாரோயில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் அதே கை, அதே சுரண்டி, ஆனால் செய்வது பொம்மை ரயில். "இந்த வயசுல சுக்கு புக்குன்னு என்னா வேல லா இது?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். அவர் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு போய் வெறுங்கையோடு வரும் அழகை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தப் பைத்தியத்துக்குத் தீனி போட்டவன் சிரம்பானில் மாடியில் பொம்மை ரயில் கடை வைத்திருக்கிறவன். அலமாரி நிறைய எஞ்சின்கள், பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள், பனி மூடிய கூரையோடு ஐரோப்பிய வீடுகள். லுக்குட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நானும் அவனும் ஒரே லயனில் பிறந்தவர்கள். எனக்கு இளையவன். என்னை அக்கா என்பான். தீபாவளிக்கு அவனுக்கு இலை என் வீட்டில்தான்.

எனக்குப் பனி வீடு பிடிக்கவில்லை. நமக்குத் தெரிந்ததைச் செய்வோம் என்று தோட்டத்தையே செய்தேன். தோட்டத்தின் மேல் உருகி வழியும் பாசமெல்லாம் கிடையாது. அட்டையும் கொசுவும் கடித்த கால் இது. ஆனால் எந்தச் சன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்த இடம் எனக்கு அது ஒன்றுதான். பல் அச்சு எடுக்கும் மாவில் குன்று. ஈறு செய்யும் ரோஸ் பிளாஸ்டிக்கில் தண்ணீர்த் தொட்டி, மேலே சாம்பல் பெயிண்ட். லயன் வீடுகள், மாரியம்மன் கோயில், சுற்றி ரயில். கூரைக்கு நெளிந்த தகடு தேடித் தந்தவன் அவன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பாதி நாள் என் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பான், எந்த வீட்டு முன்னால் முருங்கை நின்றது என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டு.

எங்கள் தோட்டத்தில் வீட்டு வரிசையும் லயன்தான், தோட்டத்தை ஒட்டிப் போன ரயில் பாதையும் லயன்தான். லைன் என்று சுத்தமாகச் சொன்னவர்கள் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் மட்டும் இருந்தார்கள். "லயன்ல நிக்காத" என்றால் ரயில் வரும். "லயன்ல சண்ட" என்றால் வேடிக்கை பார்க்க ஓட வேண்டும். எங்களில் யாருக்கும் இதில் குழப்பம் வந்ததே இல்லை.

தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனி வாங்கிவிட்டது. என் அண்ணன் குடும்பமும் இன்னும் சிலரும் அந்த லயனில்தான் இருக்கிறார்கள். வேறு வீடு தருகிறோம், கோயிலைத் தொடமாட்டோம் என்று கம்பெனியில் வாயால் சொன்னார்கள். அண்ணன் நம்பினார். நானும் நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்காரத் தம்பி, ஒரு கண்காட்சியில் வைக்கலாம் என்று என் தோட்டத்தைக் கேட்டான். பெருமையாக இருந்தது. பலகையோடு லோரியில் ஏற்றிவிட்டேன். சில நாள் கழித்து வாட்சப்பில் அவன் குரல்: "அக்கா, அந்தப் பழைய லயன் நல்லால்ல. எடுத்துரலாமா?"

கோயிலைத் தாண்டினதும் வரும் வளைவில் ஒரு பித்தளைத் தண்டவாளம் கறுத்துப்போய், கரண்ட் ஏறாமல், எஞ்சின் அங்கே போய் முக்கி நிற்கும். மாற்றித் தா என்று அவனை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அதனால் நானும் குரலில் பதில் போட்டேன்: "எடுத்துரு தம்பி. எத்தன வாட்டி சொல்லிட்டேன்!"

அப்புறம் ஒரு ஞாயிறு. லுக்குட்டில் மீன் வாங்கிக்கொண்டு வரும் வழியில் அந்தக் கம்பெனியின் வீடு விற்கும் கூடம். "உள்ள ஏர்கோன் இருக்கும், வா" என்றார் வீட்டுக்காரர். நடுவில் ஒரு பெரிய மேசை. அதில் நீச்சல் குளம், வெள்ளை வெள்ளையாக மாடி வீடுகள், சுற்றி ஒரு ரயில். அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் ஈறு நிறம்.

லயன் வீடுகள் இல்லை. கோயில் நின்ற இடத்தில் காவல்காரன் கொட்டகை. அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஆன்ட்டி, இது தோட்டத்து ஆளுங்களே விருப்பப்பட்டு குடுத்தது லா." சொல்லும்போதே எஞ்சின் அந்த வளைவில் முக்கி நின்றது. அவள் விரலால் ஒரு தள்ளு தள்ளினாள், பழகின கையாக.

மறுநாள் அவன் கடைப் படி ஏறினேன். என்னைப் பார்த்ததுமே கைப்பேசியை எடுத்துவிட்டான்.

"நான் கேட்டேனேக்கா. நீங்கதான எடுத்துருன்னீங்க?" என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினான்.

"நான் தண்டவாளத்தச் சொன்னேன்."

"லயன்னா எனக்கு நம்ம லயன்தானக்கா. தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்."

"சரி. எத்தன வாட்டி சொல்லிட்டேன்னு சொன்னனே, வீட்ட எடுக்கச் சொல்லி எப்ப சொன்னேன்? வளைவுல கறுத்துக் கெடக்குதே, அத ஏன் எடுக்கல?"

அவன் பனி வீட்டுப் பெட்டிகளை நேராக அடுக்க ஆரம்பித்தான். வண்டவாளம் தண்டவாளம் ஏறும் என்பார்கள். அவனுடையது என் தண்டவாளத்திலேயே ஏறிவிட்டது. அந்நியன் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அந்தச் சொல்லில் பிறந்தவன், அந்தச் சொல்லையே வைத்து என் வாயாலேயே வீட்டை இடிக்கச் சொல்ல வைத்தான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பது இதுதான். அழுகை வந்தது. அவன் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எடுத்ததெல்லாம் பத்திரமாத்தான் வச்சிருக்கேன்" என்று ஓர் ஐஸ்கிரீம் டப்பாவை நீட்டினான். வாங்கிக்கொண்டு இறங்கினேன். அக்கா என்று கூப்பிட்டான். திரும்பவில்லை.

காரில் உட்கார்ந்தபோது அண்ணன் போன் செய்தார். நாங்கள் அந்தக் கூடத்துக்குப் போனதை வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

"மேசையில எல்லாம் செஞ்சி வச்சிருக்காங்களாமே? நம்ம கோயில எங்க வச்சிருக்காங்க, பாத்தியா?"

டப்பா என் மடியில் இருந்தது. மூடியைத் திறந்தேன். கோபுரம் உடையாமல் இருந்தது.

"எங்கிட்டதாண்ணே இருக்கு" என்றேன்.