திரையில் வராத செய்தி

என் வீட்டுக்காரருக்குப் பிழைச்செய்தி எழுதுகிற வேலை. புரோகிராமில் தப்பு இருந்தால், அதைச் சரிபார்த்து மெஷினுக்கு மாற்றித் தரும் கம்பைலர் கத்துமே, அந்தக் கத்தலுக்கு வாசகம் எழுதுபவர். வீட்டிலோ வாயே திறக்க மாட்டார். உப்பு கம்மி என்று சொல்லக்கூட யோசிப்பார். ஆபீஸில் இவரை ஊமை என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

புருஷன் விட்டுப் போனதிலிருந்து என் தங்கச்சி எங்களோடுதான் இருக்கிறாள். துணிக்கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கிப்போய், உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும் என்று புரோகிராம் படித்தாள். தேர்வில் தேறினால் வேலை. முதல் தடவை கோட்டைவிட்டாள். வர்க்கமூலம் கண்டுபிடித்துத் தரும் கட்டளைக்கு, ஃபங்ஷன் என்பார்கள், எண்ணைக் கொடுக்காமல் எழுத்தைக் கொடுத்துவிட்டாள். கம்பைலர், ‘பொருந்தும் ஃபங்ஷன் இல்லை’ என்று சொல்லிவிட்டு, பொருந்தாததையெல்லாம் திரை முழுக்கக் கொட்டியது. பயந்துபோய் எழுந்து வந்துவிட்டாள்.

"எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறாதுக்கா."

"அதப் படிச்சா எனக்கே மண்டை காயும். உன் தப்பில்லம்மா" என்றார் இவர். அடேயப்பா, ஊமை பேசிவிட்டது!

பேசியதோடு நிற்கவில்லை. கணக்கு ஃபங்ஷன் எல்லாவற்றுக்கும் புதிதாகச் செய்தி எழுதினார். ‘வர்க்கமூலம் எண்ணுக்கு மட்டுமே. இது எழுத்து. முதலில் எண்ணாக மாற்றவும்.’ இவருடைய கம்ப்யூட்டரில் அதைப் படித்தவுடனே தங்கச்சி தானே திருத்திவிட்டாள். "இவ்வளவுதானா மாமா?" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

இவருடைய மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. பழைய செய்தி வருகிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனைகளைப் பல கம்பெனிகள் வைத்திருக்கின்றனவாம். ஒரு சொல் மாறினாலும் அத்தனையும் ஃபெயிலாகுமாம். மனுஷிக்குப் புரியாத செய்தி, மெஷின் மனசு கோணாமல் இருக்க அப்படியே இருக்க வேண்டுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் மல்லுக்கட்டியதில் கடைசியாக ஒரு சமாதானம் செய்தார்கள். புதிய செய்தி உள்ளே இருக்கும். வேண்டியவர்கள் செட்டிங்கில் போய் ஆன் செய்துகொள்ளலாம்.

"அத ஆன் பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு இந்தச் செய்தி எதுக்குங்க?"

இவர் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். ஆன் செய்து வைக்கச் சொல்லித் தேர்வு மையத்துக்கு எழுதிப் பார்த்தார். பதிலே இல்லை. தேர்வில் பழைய செய்திதான் வரும் என்று அவளிடம் சொல்லவும் இவருக்கு வாய் வரவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை தேர்வுக்கு அத்தனை தைரியமாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். இந்தத் தடவை ஒரு கணக்கு ஃபங்ஷனுக்கு இரண்டு எண் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் கொடுத்திருக்கிறாள்.

"உங்க செய்தி வரும் வரும்னு பாத்தேன் மாமா. பழையதுதான் கொட்டிச்சு. நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?"

இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"அவ தப்பில்லன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

"விடுக்கா, மாமா என்ன பண்ணுவாரு. எனக்குத்தான் ஏறல" என்று சொல்லிவிட்டு, கடைச் சீருடையைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள்.