நான் அடித்துவிட்ட வரி

சென்னையிலிருந்து அந்தப் படிவம் வந்த அன்று எங்கள் ஆபீசில் ஒருவருக்கும் பயமில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

மாட்டு இன்சூரன்ஸ் க்ளெய்ம் பார்க்கிற பிரிவு எங்களுடையது. மதுரையைச் சுற்றி எந்தத் தொழுவத்தில் மாடு செத்தாலும் காகிதம் எங்கள் மேஜைக்கு வரும். இந்தப் படிவம் ஒரே பக்கம்: ‘நீங்கள் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதவும்.’ எதை ஏஐ செய்யும், எதற்கு ஆள் வேண்டும் என்று இதை வைத்துத்தான் முடிவெடுப்பார்களாம்.

1. திருத்தம்

எனக்குக் கொஞ்சம் எழுத வரும் என்பதால் எல்லோரும் என்னிடம் நீட்டினார்கள். செல்வராணியும் நீட்டினாள். வில்லாபுரத்திலிருந்து வருகிறவள்; பதவிப் பெயர் டேட்டா என்ட்ரி. மூன்றாவது வரியில் ‘மாட்டுக்காரங்களோட போன்ல பேசுறது’ என்று எழுதியிருந்தாள்.

“ஏம்மா, இதையெல்லாமா எழுதுவ? அரட்டை அடிக்கிறேன்னு நெனைக்கப் போறாய்ங்க.”

“பாதி நாளு அதுலதானண்ணே போகுது?”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

நானே அந்த வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். படிவம் பெறுதல், பதிவுசெய்தல், சரிபார்த்தல், அனுப்புதல். நாலே வரி. கீழே மேற்பார்வையாளர் என்று என் கையெழுத்து. கழுவிக் கவிழ்த்த தட்டுபோல இருந்தது தாள். அதில் யார் சாப்பிட்டார்கள் என்றே தெரியாது.

2. சிவப்பு

பத்து நாளில், படிவங்களை ஏஐயே படித்துப் போட்ட பட்டியல் வந்தது. இயந்திரம் செய்யக்கூடிய வேலைக்குச் சிவப்பு. செல்வராணியின் நாலு வரியும் சிவப்பு. மாதக் கடைசியோடு அவளுக்கு வேலை இல்லை.

அன்று மத்தியானமே உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். மாட்டின் காதில் நம்பர் வில்லை இல்லை என்று, வெள்ளோட்டமாக ஓடிக்கொண்டிருந்த ஏஐ அவர் க்ளெய்மைத் தள்ளியிருந்தது. செல்வராணி ஸ்பீக்கரில் போட்டாள்.

“கறவை மாடாய்யா?”

“ரெண்டு நேரமும் கறந்துச்சு தாயி.”

“வில்லை எங்கய்யா போச்சு?”

“முள்ளுவேலி பிச்சுக்கிருச்சு. மாட்டையும் பொதைச்சாச்சு.”

“நெறம்?”

“செவலை.”

“ஊர்ல பாதி மாடு செவலைதான். வேற அடையாளம்?”

“நெத்தியில வெள்ளைச் சுட்டி. எடது கொம்பு நுனி முறிஞ்சிருக்கும். பக்கத்து வீட்டு டிராக்டர்ல முட்டி.”

“மாடு டிராக்டர முட்டுச்சா, டிராக்டர் மாட்ட முட்டுச்சா?”

“அந்தச் சண்டை இன்னும் முடியல தாயி.”

சிரித்துக்கொண்டே, இன்சூரன்ஸ் போட்ட அன்று எடுத்த போட்டோவைத் திறந்தாள். சுட்டி இருந்தது. கொம்பு முறிந்திருந்தது. செத்த மாட்டைப் பார்த்த கால்நடை டாக்டரையும் கூப்பிட்டுக் கேட்டாள். அதே மாடு.

என் நாலு வரியில் இது எங்கே இருக்கிறது? இயந்திரத்தைத் திட்டி என்ன செய்ய? அது நான் எழுதிக் கொடுத்ததைத்தானே படித்தது!

3. பதினொரு பக்கம்

அவளை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி எழுதினேன். எந்த ஊரில் எந்த நேரம் பால் கறப்பதால் போனை எடுக்கமாட்டார்கள், யார் கொடுத்த நம்பர் உண்மையில் மருமகனுடையது, எந்த அழுகை நிஜம், எது ஒத்திகை; மாடு செத்த வீட்டில் எடுத்ததுமே வில்லையைப் பற்றிக் கேட்கக் கூடாது. பதினொரு பக்கம் ஆனது.

மேனேஜர் அதை ஏஐயிடமே கொடுத்துச் சுருக்கினார்.

“பாருங்க சார். ‘வாடிக்கையாளருடன் தொலைபேசியில் பேசுதல்.’ ஒரே வரிதான்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏஐ தள்ளிய ஃபைல்களில் ஐந்தை எடுத்து அவர் மேஜையில் போட்டேன்.

“உங்க ஏஐய விட்டுப் பேசச் சொல்லுங்க. அப்புறம் இவ பேசட்டும்.”

ஏஐ பேசியதில் ஐந்து பேரும் போனை வைத்துவிட்டார்கள். செல்வராணி நாலு மாட்டை அடையாளம் கண்டாள். ஐந்தாவது ஆள் பொய் சொல்கிறார் என்றும் கண்டுபிடித்தாள்.

“இவங்க இருக்கட்டும், மூணு மாசம் பாப்போம்” என்றார் மேனேஜர். அவ்வளவுதான் கிடைத்தது.

உங்கள் மேஜைக்கும் இந்தப் படிவம் வரும். அழகாக எழுதாதீர்கள். போன், நடை, கெஞ்சல், காத்திருப்பு, ஒன்றையும் விடாதீர்கள். மற்றவர் எழுதியதில் கைவைக்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்துப் புதுப் படிவம் வந்தது. பழைய பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். செல்வராணி தன் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“வேணாம்ணே. இந்தத் தடவ நானே எழுதிக்கிறேன்.”