மேஜைமேல் ஒரு கட்டுப் படிவம்

பதினெட்டு வருஷமாக அதே குறுகிய ஜெராக்ஸ் கடை. கடைக்காரரைத் தெருவே 'ஜோசியர்' என்றுதான் கூப்பிடும். ஊர் நாளைக்குச் செய்யப்போவது இன்றைக்கே அவருடைய மெஷினுக்குள் போய் வந்துவிடும். நாலு பேர் அடுத்தடுத்து அடையாள அட்டையை நகலெடுத்தால் போதும், ஏதோ சலுகை என்று பேச்சு கிளம்பிவிட்டது, காலையில் வரிசை நிற்கும் என்பார். நிற்கும். அந்தப் பெருமையில் மனுஷனுக்குக் கால் தரையில் பாவாது.

ஒரு திங்கட்கிழமை, பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றும் விண்ணப்பத்தை இரண்டு பெண்கள் நகலெடுத்தார்கள். பள்ளியை மூடப்போகிறார்கள் என்று ஜோசியருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நூறு பிரதி எடுத்து மேஜைமேல் அடுக்கி வைத்தார். வருகிறவர்களைக் காக்க வைக்கக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான்.

வியாழனுக்குள் அடுக்கு பாதியாகிவிட்டது. அன்று வீட்டில் அவர் மனைவி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள்தான்.

"என் கிளாஸ்ல முப்பது பேர் இருந்தாங்க. இன்னிக்குப் பதினாறு. பதினஞ்சுக்குக் கீழ போனா கிளாஸை எடுத்துடுவாங்க, என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நான்தான் திங்கக்கிழமையே சொன்னேனே, ஸ்கூலை மூடப்போறாங்கன்னு."

"யாரு மூடப்போறா? அந்த மொத ரெண்டு பேரும் வீடு மாறிப் போறவங்க. மத்தவங்களை நிறுத்திக் கேட்டேன். 'ஜெராக்ஸ் கடையில ஃபார்ம் மலையா குவிஞ்சிருக்கு, உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாததா டீச்சர்'ங்கறாங்க."

 ஜோசியருக்குத் தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை கடையைத் திறந்ததும் மிச்சப் படிவங்களை வாரி மேஜைக்கடியில் திணித்தார். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. துடைத்த மெஷினையே திரும்பத் திரும்பத் துடைத்தார். வாசலில் நிழல் விழுந்தாலே தூக்கிவாரிப் போட்டது.

ஒரு பெண் வந்தாள். காலி மேஜையைப் பார்த்தாள்.

"அய்யய்யோ, எல்லாம் தீந்தே போச்சா?"

"ஸ்கூலை யாரும் மூடலம்மா! என் வீட்டுக்காரியே அங்கதானே..."

அதற்குள் போன் அவள் காதுக்குப் போய்விட்டது. "அக்கா, ஃபார்ம் தீந்துபோச்சு. ஊரே வாங்கிட்டுப் போயிருக்கு. சீக்கிரம் கிளம்பி வா."

"தீரலம்மா, இங்கதான் இருக்கு!" ஜோசியர் பதறிக் குனிந்து, மொத்தக் கட்டையும் அள்ளி மேஜைமேல் போட்டுக் காட்டினார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லவேளை. எனக்கு ஒண்ணு, அக்காவுக்கு ஒண்ணு குடுங்க. ரெண்டு பிள்ளைங்களும் மூணாம் கிளாஸ்தான்."