கரமனைப் படித்துறையில் என் மோதிரம்

பயம் வந்தால் நான் பெரிய தைரியசாலி மாதிரிக் கத்துவேன். அன்று கரமனை ஆற்றில் முங்கி எழுந்தபோது, மாமனார் போட்ட மோதிரம் விரலில் இல்லை. படித்துறையில் எங்கள் அக்கிரகாரத்து மனிதர்களைத் தவிர, போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த கூலிக்காரன் ஒருவன் தள்ளி உட்கார்ந்திருந்தான்.

"அவன்தான் ஓய், பிடியுங்கோ" என்று அலறினேன்.

தொட்டால் தீட்டு என்பதால் குடைக்காம்பாலும் கல்லாலும் அடித்தார்கள். அவனுடைய இரண்டு முன்பற்கள் படியில் விழுந்தன. மண்டை பிளந்து ரத்தம் ஆற்றில் இறங்கியது. நான் எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டு, "கையை ஒடியுங்கோ, சொல்லிடுவான்" என்று யோசனை வேறு கொடுத்தேன்.

அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "சாமி, ஒங்க முதுகைப் பாருங்க" என்றான்.

ஆற்றில் நழுவிவிடக் கூடாதென்று மோதிரத்தை நானேதான் பூணூலில் முடிந்து வைத்திருந்தேன். அது முதுகுப் பக்கம் நகர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

குடைகள் தாழ்ந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"என் முதுகில இருக்கறது இவனுக்கெப்படித் தெரிஞ்சுது? அப்போ நோட்டம் பாத்துண்டுதானே இருந்திருக்கான்?" என்றேன்.

"அதானே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், குடையை மறுபடியும் ஓங்கியபடி.