கொக்கின் இடது கை

அவளுடைய இடது கை வலுவிழந்து வருவதை நான் கண்டேன். கண்டும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா... அவளுடைய கழுத்தை முறிக்கக்கூடிய அந்தப் பிடியைத்தான் செய்யச் சொல்லி ஆளனுப்பினேன்.

கோப்பாயில் குடும்பம் நடத்தும் ஒருத்திக்கு மல்யுத்தத்தோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்! நல்லூரில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் நான் பிசியோதெரபிஸ்ட். பகலெல்லாம் பிறருடைய கழுத்தையும் முதுகையும் நிமிர்த்துகிறேன். விடியற்காலையில், அமெரிக்காவில் அது மாலை நேரம், கைபேசியைச் சாய்த்துவைத்து, தேங்காய் துருவியபடி மல்யுத்தம் பார்க்கிறேன். பொய்ச்சண்டை என்பார் என் கணவர். யார் வெல்வது என்பதைத்தான் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். விழுவது பொய்யல்ல. தரைக்கு நடிக்கத் தெரியாது.

இதற்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கப்படப் போவதுமில்லை.

எங்களுக்கென்று ஒரு சிறிய இரசிகர் குழு உண்டு. அதில் நான் ஒருத்திதான் பெண். மற்றவர்களுள் எனக்கு நெருக்கமானவர் சிவம் அண்ணை. உரும்பிராய்க்காரர், இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். நாங்கள் இருவரும் மோதிக்கொண்டதெல்லாம் ஒருத்தியைப் பற்றித்தான்: யப்பானிலிருந்து அமெரிக்காவுக்கு மல்யுத்தம் செய்ய வந்த ஒரு பெண். நெடிய கால்கள், மெலிந்த கழுத்து. குழுவில் அவளுக்குக் ‘கொக்கு’ என்று பெயர்.

யப்பானில் அவள் ஆடிய ஆட்டமே வேறு. அடி உண்மையாக விழும். தோளில் கன்றிய தடம் தெரியும். எதிராளியை இடுப்பில் பற்றித் தூக்கிப் பின்புறமாக எறிந்து, தன் கழுத்தையே பாலம்போல் வளைத்து ஊன்றி நிற்பாள். அமெரிக்காவுக்கு வந்தபின் அந்தப் பிடியைக் கைவிட்டுவிட்டாள். அங்கே கிழமைக்குக் கிழமை ஊர்மாறி ஆடவேண்டும், உடம்பு தாங்காது, முகபாவத்தாலும் கதையாலும் சனத்தைப் பிடிக்கிறாள், அதுவும் ஒரு கலைதான் என்று சிவம் அண்ணை வாதாடுவார். நான் சீறுவேன். மெத்தையில் விழுந்தெழும்புவதைப் பார்க்கவா நான் விடிய எழும்புகிறேன் என்று எழுதுவேன்.

ஒருநாள் விடிய நான் பார்த்த போட்டியில் அவள் மேடைக் கயிற்றைப் பிடித்து எழ முயன்றாள். இடது கைவிரல்கள் வழுக்கின. உடனே முழங்கையை மடக்கிக் கயிற்றில் கொளுவி எழுந்தாள். மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பின்னர் ஒரு நேர்காணலில் தண்ணீர்ப் போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலது கையால் மூடியைத் திறந்தாள்...

கழுத்தெலும்புகளுக்கு நடுவே நரம்பு நசிந்தால் கை இப்படித்தான் ஆகும். அதேபோல் வலுவிழந்த கையோடு வந்த ஒரு கட்டட மேசனைக் கண்ட அன்றே வேலையை நிறுத்தச் சொல்லி, வைத்தியரிடம் அனுப்பிவைத்தவள் நான். எனக்குத் தெரியும்.

அவளுடைய பெரிய போட்டி ரொறன்ரோவிலேயே நடக்க இருந்தது. அதற்கு முன்னர் இரசிகர்கள் அவளைச் சந்திக்கலாம். சிவம் அண்ணை அனுமதிச்சீட்டு வாங்கிவிட்டு, அவளுக்கு ஏதும் சொல்லவேண்டுமா என்று குழுவில் கேட்டார். ‘கையைக் காட்டச் சொல்லுங்கோ’ என்று தட்டினேன். அழித்தேன்.

“அந்தப் பழைய பிடியை இந்தமுறை செய்யச் சொல்லுங்கோ அண்ணை. நாங்கள் இஞ்சை காத்துக்கொண்டிருக்கிறம்.”

அதைத்தான் அனுப்பினேன். ஏன்? மறதியா? இல்லை. கையைப் பற்றிச் சொன்னால் போட்டி நின்றுவிடுமோ என்று பயந்தேன். எனக்கு அந்தப் போட்டி வேண்டியிருந்தது.

அவள் செய்தாள். எதிராளியைத் தூக்கினாள், வளைந்தாள், கழுத்தை ஊன்றி நின்றாள்... எவ்வளவு அழகு! பிறகு பாலம் சரிந்தது. அவளுடைய கைகள் அசையவில்லை. நடுவர் தலைக்கு மேலே கைகளைக் குறுக்காகப் பிடித்து வைத்தியரை அழைத்தார். அச்சம் எனக்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது மகிழ்ச்சி. அதை எப்படி மறைப்பேன்?

அவள் உயிர் தப்பினாள். நடக்கிறாள். யப்பானுக்குத் திரும்பிவிட்டாள், இனி மேடையேறமாட்டாள்.

தன் கையின் நிலை அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதானே முழங்கையால் மறைத்தாள்! அவளை ஏமாந்த பேதையாக்கி நான் அழமாட்டேன். அது அவளுடைய உடம்பு, அவளுடைய துணிவு. ஒரு தூர தேசத்து இரசிகையின் சொல்லுக்காகவா அவள் செய்தாள்? இல்லை என்றே இன்றும் வாதாடுவேன்.

ஆனால் சிவம் அண்ணைக்கு அவளுடைய கையைப் பற்றி எதுவும் தெரியாது.

அடுத்த நாள் அழைத்தார். குரல் உடைந்திருந்தது.

“நான்தானே பிள்ளை போய்ச் சொன்னனான். அவள் சிரிச்சுக்கொண்டு தலையாட்டினவள்.”

“உங்கடை பிழை இல்லை அண்ணை. ஆருக்குத் தெரியும் இப்பிடி நடக்குமெண்டு?”

எனக்குத் தெரியும்! என் வாய் எப்படி அதைச் சொல்லிற்று... அவர் குழுவைவிட்டு விலகினார். மல்யுத்தம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

இந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். தேநீர் குடிக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

“நீர் இப்பவும் உதுகளைப் பாக்கிறனீரோ?”

“ஓம் அண்ணை. பாக்கிறனான்.”

அதில் பொய் சொல்லவில்லை. இனியும் பார்ப்பேன். கழுத்தை ஊன்றி ஒருத்தி வளையும்போது இனியும் என் மூச்சு நிற்கும். அதற்காக நான் எவரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியது வேறொன்றுக்காக. அவர் முகத்துக்கு எதிரே இருந்தும் அதைக் கேட்காமல், தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உண்மை தெரிந்தால் அவருடைய பாரம் இறங்கும். ஆனால் என்னோடு கதைப்பதை நிறுத்திவிடுவார். நான் என் பக்கத்தையே தெரிவுசெய்தேன்... மறுபடியும்.

புறப்படும்போது படலையடியில் நின்று என் கையைப் பிடித்தார்.

“அண்டைக்கு நீர் ஆறுதல் சொல்லாட்டி நான் என்ன ஆகியிருப்பனோ தெரியாது, பிள்ளை.”

நான் தலையாட்டினேன்.