பேனாட் அண்ணையின் ஓர்கன் பெட்டி

பேனாட் டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அதனால் காற்றைப் பற்றி உலகத்தில் தனக்கு மட்டுமே தெரியும் என்பது அவருடைய எண்ணம். மாதா திருவிழாவில் பாடகர் குழுவோடு நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நாங்களோ கதிரை அடுக்கும் பதவியை அவருக்கு நிரந்தரமாகக் கொடுத்து வைத்திருந்தோம்.

ஒருநாள் பழைய சாமான் சந்தையில் ஒரு லீரகாஸ வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் டென்மார்க் தெருக்களில் கைப்பிடியைச் சுற்றி வாசித்த ஓர்கன் பெட்டி அது. ஒரே கைப்பிடி துருத்தியையும் அமுக்கும், துளையிட்ட கடதாசிச் சுருளையும் இழுக்கும். துளை வரும் இடத்தில் காற்றுப் புகுந்து அதற்குரிய குழல் ஊதும். இடது பக்கத் துளைக்குக் கட்டைச் சுரம், வலது பக்கத் துளைக்கு உச்சச் சுரம். வாசிப்பவனுக்குச் சங்கீதம் தெரியத் தேவையில்லை, சுற்றத் தெரிந்தால் போதும். பேனாட்டுக்கென்றே செய்தது போல இருந்தது.

"காத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேணுமே?" என்று கராஜுக்குள் புகுந்தார். மாதாவுக்குத் தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, குளிர்காலம் முழுக்கக் கடதாசியில் துளை வெட்டினார். மனைவி மேரிசெலின் வெளியே நின்ற காரில் பனியைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

பாடகர் குழுத் தலைவர் சுஜிந்தன், பேனாட்டின் கரைச்சல் தாங்காமல், திருவிழாவில் ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்தார். பேனாட் சொற்களை மட்டும் குழுவிடம் கொடுத்தார். மெட்டைப் பெட்டியே சொல்லித்தருமாம்.

திருவிழா அன்று பேனாட் சுற்றினார். பெட்டி முழங்கியது. ஆனால் ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது, இறங்க வேண்டிய இடத்தில் ஏறியது. பதற்றத்தில் சுருளைப் பக்கம் மாற்றி மாட்டியிருந்தார், இடம் வலமாகிவிட்டது. தாளம் மாறாததால் சொற்கள் எப்படியோ பொருந்திவிட, குழுவும் சேர்ந்து பாடியது. வீட்டில் அந்த மெட்டைக் கேட்டுக் கேட்டு அலுத்த மகள் நிறோஷினிக்கு மட்டும் விஷயம் விளங்கியது. "அப்பா, தலைகீழாகப் போகிறது" என்று டேனிஷில் கிசுகிசுத்தாள்.

எங்கள் சனத்துக்கு விளங்காத எதுவும் உயர்ந்த சங்கீதம்தான். "என்ன ராகம் அண்ணை! உருகிப்போனன்," என்றார் சுஜிந்தன். அடுத்த வருசமும் இதே பாட்டு என்று அங்கேயே அறிவித்தார். பேனாட் வாயைத் திறக்கவில்லை. கிடைத்த இடத்தை யார் விடுவார்?

ஆனாலும் தன் மெட்டை ஒருவரும் கேட்கவில்லையே என்று அவருக்கு உள்ளுக்குள் வேதனை. அடுத்த வருசம் சுருளைச் சரியாக மாட்டினார். உண்மையைச் சொன்னால், அழகான மெட்டு. குழுவோ போன வருசத்துக் கைத்தொலைபேசிப் பதிவைக் கேட்டுப் பழகிய மெட்டிலேயே பாடியது. இரண்டும் முட்டிக்கொண்டன. சுஜிந்தன் கையை உயர்த்தினார்.

"அண்ணை, பெட்டி பிழையா வாசிக்குது. பாட்டைக் கெடுக்காதேங்கோ."

கோயில் முழுவதும் பேனாட்டைத் திரும்பிப் பார்த்தது. இதுதான் நான் போட்ட மெட்டு என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அத்தனை பேருடைய பக்தியும் பிழையாகியிருக்கும், அவருடைய இடமும் போயிருக்கும்.

"ஓம் தம்பி, பழைய பெட்டிதானே," என்றார். சுருளைக் கழற்றி, பக்கம் மாற்றி மாட்டிவிட்டு, சுற்றத் தொடங்கினார்.